ஞானத்தாய் கொடுத்த திரை

டெல்ஃபினா கல்யிசாயாவின் கம்ப்யூட்டர் திரையில் குப்பைத்தொட்டிப் படம் நிஜக் குப்பைத்தொட்டி அளவுக்கு இருந்தது. கையிலிருக்கும் ஆரஞ்சுத் தோலை அதிலேயே போட்டுவிடலாம் போல. எழுத்து ஒவ்வொன்றும் உருளைக்கிழங்கு பருமன். திரையோ லேசுப்பட்டதல்ல, கடைச் சுவரில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது. அவ்வளவு பெரிய திரையில் மொத்தமே நாலைந்து படம்தான் கொள்ளும் என்றால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

சரி, அளவை மாற்றலாம் என்று அதற்கான ஜன்னலைத் திறந்தால், அந்த ஜன்னல் திரையை விடப் பெரிதாக விரிந்தது. மேல்பாதி தெரிந்தது. 'சரி' பொத்தான் இருக்கும் கீழ்ப்பாதி திரைக்கு வெளியே எங்கேயோ போய்விட்டது. டெல்ஃபினா மேசைக்கு அடியில் குனிந்துகூடப் பார்த்துவிட்டாள். பார்த்த பிறகு தன் மேலேயே எரிச்சல் வந்தது.

விடிந்தால் மாதா திருவிழா. இந்த வருஷம் திருவிழாவை எடுத்து நடத்துகிறவள் தோன்யா பிரிமித்தீவா லாருத்தா. அவளும் அவள் கணவரும் ஜோடியாகச் சிரிக்கும் பேனர், ஆட்டக்காரர்கள் நுழையும் தெருமுனை வளைவில் காலையில் தொங்கியாக வேண்டும். அச்சடிக்கும் கடையோ மூன்று மணிக்குக் கதவைச் சாத்திவிடும். அங்கே வேலை பார்ப்பவர்களும் நாளைக்கு ஆடப் போகிறவர்கள்தாம், அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இது டெல்ஃபினாவின் சொந்தக் கடைக்கு வந்த முதல் வேலை. அதற்கு முன் அவள் நிக்கானோர் என்பவரின் கடையில், கழிப்பறைக் கதவை ஒட்டிய நாற்காலியில் உட்கார்ந்து எல் ஆல்ட்டோ நகரத்தின் பாதி முகங்களைப் பேனரில் ஏற்றியவள். மூலையில் வரும் பெயர் மட்டும் எப்போதும் நிக்கானோர். அவள் கிளம்பிய அன்று அவர், "போயிட்டு வா பொண்ணே, உன் நாற்காலிய யாருக்கும் குடுக்க மாட்டேன்" என்று சிரித்தார். இன்று காலையில்கூட ஆள் விட்டு, நாற்காலியைத் தூசி தட்டி வைத்திருப்பதாகச் சொல்லி அனுப்பியிருந்தார். அந்தச் சிரிப்புக்கு எதிரே போய் மறுபடி உட்காருவதை விட நாண்டுகொண்டு சாகலாம் என்று டெல்ஃபினாவுக்கு இருந்தது. பேனர் தொங்காவிட்டால் வேறு வழியும் இல்லை. திருவிழா நடத்துகிறவளின் முகத்தையே கோட்டைவிட்ட கடைக்கு இந்த ஊரில் இன்னொரு ஆள் வரமாட்டான்.

அந்தக் கம்ப்யூட்டர் கடையில் பெட்டியோடு வாங்கியதல்ல. உதிரி உதிரியாகச் சேர்த்துக் கட்டியது. ஒவ்வொரு உதிரிக்கும் ஆள் இருந்தது. கல்யாணம் என்றால் செலவை ஏற்றுக்கொள்ளக் கேக்குக்கு ஒரு ஞானத்தகப்பன், மோதிரத்துக்கு ஒரு ஞானத்தாய், பாண்டு வாத்தியத்துக்கு இன்னொருவர் என்று பிடிப்பதுதானே வழக்கம்? டெல்ஃபினா கம்ப்யூட்டருக்கும் அப்படியே பிடித்தாள். படத்தை வரைந்து அனுப்பும் கிராஃபிக்ஸ் கார்டுக்கு ஞானத்தகப்பன், மினிபஸ் முதலாளி தோன் எலியூத்தேரியோ. திரைக்கு ஞானத்தாய், துணிக்கடை வைத்திருக்கும் பிரிமித்தீவாவேதான். உதிரிகளைப் பூட்டிக் கொடுத்தவன் க்ரோவர் என்ற மெக்கானிக். அவன் வீட்டில் பூட்டிச் சோதித்தபோது எல்லாம் கண்ணாடி மாதிரி இருந்தது. கடைக்குக் கொண்டுவந்து, மேசையில் வைத்து, முறைப்படி சல்லா என்ற புதுப்பொருள் பூசை செய்து, தரையில் பூமித்தாய்க்குப் பீர் ஊற்றி, மேசையின் நாலு மூலைக்கும் தெளித்து, இயந்திரத்தின் தலையில் வண்ணக் காகிதப் பொட்டுகளைக் கை கையாகக் கொட்டி, அதன் பிறகு வயரைச் சொருகியதிலிருந்துதான் இந்தக் கோலம்.

க்ரோவர் பத்து மணிக்கெல்லாம் வந்துவிட்டான். அவனுக்கு முன்னாலேயே எலியூத்தேரியோ வந்து, தன் கார்டு வேலை செய்யும் அழகைப் பார்க்க நாற்காலி போட்டு உட்கார்ந்து, கையில் அப்பி என்ற சூடான சோளக் கூழ்க் குவளையோடு ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். க்ரோவருக்கு அவரைப் பார்த்ததுமே பாதி உயிர் போயிற்று.

"என்ன தம்பி, என்ன கோளாறு?"

"அது வந்து அண்ணே, ஒண்ணு கார்டா இருக்கணும்..."

"கார்டா?"

"ரொம்ப நல்ல கார்டுண்ணே அது. இந்த ஊர்லயே அப்படி ஒரு கார்டு கிடையாது. சும்மா ஒரு பேச்சுக்கு, அதைக் கழட்டிட்டு..."

"கழட்டிட்டு?" எலியூத்தேரியோ குவளையைக் கீழே வைத்தார். "நான் குடுத்ததக் கழட்டி வெளியில வெக்கப் போறியா? என் கண்ணு முன்னால? நாளைக்கு என் பசங்க மாட்டின சக்கரத்தையும் நீ வந்து கழட்டுவ போலிருக்கு!"

க்ரோவர் இந்தப் பக்கம் நகர்ந்து வந்தான். "இல்லன்னா என் வீட்டுலேர்ந்து ஒரு பழைய திரையக் கொண்டாந்து மாட்டிப் பாக்கலாம்..." என்று டெல்ஃபினாவின் காதோரம் முணுமுணுத்தான்.

"பிரிமித்தீவா அக்கா குடுத்த திரைய எடுத்துட்டு உன் பழைய திரையா? நான் இந்தத் தெருவுல இருக்கறதா வேணாமா? என் தலையெழுத்து உன் கையில மாட்டணும்னு இருந்திருக்கு பாரு!"

"அந்த வயரையாவது..."

"அதுவும் திரையோட பெட்டியிலதானே வந்துச்சு. அதுவும் அக்காவோடது."

ஆக, பார்க்க வேண்டிய மூன்றையும் தொடக்கூடாது. மிச்சமிருந்தது கண்ணுக்குத் தெரியாத அந்தச் 'சரி' பொத்தான் மட்டும்தான். க்ரோவர் விசைப்பலகையாலேயே அதை எட்டிப் பிடிக்கிறேன் என்று ஒரு விசையைத் திரும்பத் திரும்பத் தட்டி, மனக்கணக்குப் போட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு, மாதாவே என்று ஒரு தட்டுத் தட்டினான்.

குப்பைத்தொட்டி தலைகீழாகக் கவிழ்ந்தது. எல்லாமே கவிழ்ந்தது. மவுஸை மேலே தள்ளினால் அம்பு கீழே போயிற்று. க்ரோவர் தலையைச் சாய்த்துச் சாய்த்து, கடைசியில் மேசை மேல் கன்னத்தை வைத்துப் பார்த்தான்.

"இதுக்குப் போய் ஏன்யா கழுத்த ஒடிச்சுக்கற?" என்றார் எலியூத்தேரியோ. "திரையத் தலைகீழா வெச்சாப் போச்சு."

சொன்னால் சிரிப்பீர்கள், அந்த நேரத்தில் மூன்று பேருக்குமே அது மகா புத்திசாலித்தனமாகப் பட்டது. இரண்டு பீர் பெட்டிகளை அடுக்கி, நடுவில் துணி திணித்து, திரையை அதன் மேல் தலைகீழாக நிறுத்தினார்கள். அதன் கால் செத்த கோழிக் கால் போல மேலே நீட்டிக்கொண்டிருந்தது. சரியாக அந்த நிமிஷம்தான் வாசலில் பாவாடை சரசரத்தது.

பிரிமித்தீவா நாளைய பட்டுச் சால்வையை இன்றைக்கே போர்த்திப் பார்த்துவிட்டு, தொப்பியும் காதணியுமாக, பேனரைக் கண்ணால் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தாள். வாசலிலேயே நின்றுவிட்டாள். திரையைப் பார்த்தாள். திரையின் காலைப் பார்த்தாள்.

"டெல்ஃபினா," என்றாள் மெதுவாக. "நான் குடுத்ததுக்கு இதான் மரியாதையா?"

"அக்கா, அக்கா, உக்காருங்க, அது வந்து..."

"என் பேரச் சொல்லி வெச்ச பொருளு, தலைகீழா நிக்குது. பீர் பெட்டி மேல. செருப்பால அடிச்சிருந்தாக்கூட நான் தாங்கிக்குவேன்டி."

"திரைல கோளாறுன்னா வேற என்ன செய்யறதாம்?" என்று எலியூத்தேரியோ சந்தில் சிந்து பாடினார்.

"என் திரைலயா கோளாறு? யோவ், நீ எந்தச் சந்தையில எந்தத் துணி விரிப்பு மேலேர்ந்து அந்தக் கார்டப் பொறுக்கிட்டு வந்தேன்னு எனக்குத் தெரியாதா? உன் மினிபஸ்ல ஏறினா பின்சீட்டுல முட்டி இடிக்கும், எல்லாத்தையும் குறுக்கித்தானே பழக்கம் உனக்கு! அதான் உன் கார்டும் குறுக்கிக் காட்டுது."

"குறுக்கியா? கண்ணத் தொறந்து பாரு, எல்லாம் பெருசு பெருசாத்தான் தெரியுது!"

எலியூத்தேரியோவும் எழுந்து நின்றுவிட்டார். டெல்ஃபினா கையைப் பிசைந்தாள். யார் பக்கம் பேசினாலும் இன்னொருவர் கொடுத்ததைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார். கார்டு போனால் படம் இல்லை, திரை போனால் கடையே இல்லை. வேறு வழி தெரியாமல் வாயில் வந்த பொய்யைச் சொன்னாள்.

"கார்டும் நல்ல கார்டு, திரையும் நல்ல திரை. குறை சல்லாவுலதான். அன்னிக்குப் பீர் பத்தல. பூமித்தாய்க்கு மனசு நிறையல. என் தப்பு, நான்தான் கஞ்சத்தனம் பண்ணிட்டேன்."

அப்படியே அடங்கினார்கள். இதை ஏன் முதலிலேயே சொல்லவில்லை என்று அவளைத் திட்டவும் செய்தார்கள். பிரிமித்தீவா தன் கைக்காசிலேயே எதிர்க்கடையிலிருந்து பீரும் காகிதப் பொட்டு மூட்டையும் வரவழைத்தாள். எலியூத்தேரியோ விட்டுக்கொடுப்பாரா, அவரும் ஒரு மூட்டை. தரைக்கு ஊற்றி, மூலைக்குத் தெளித்து, ஒருவரை ஒருவர் முந்திக்கொண்டு இயந்திரத்தின் தலையில் கொட்டினார்கள்.

"அக்கா, அந்த விசிறிப் பக்கம் மட்டும் வேணாம்கா!" என்று க்ரோவர் கதறினான்.

யார் கேட்டார்கள்? விசிறி ஒரு கை பொட்டை உள்ளே இழுத்தது. கரகரவென்று ஏதோ அரைபட்டது. பிறகு பின்பக்கம் வழியாக மொத்தத்தையும் நாலு பேர் தலையிலும் வாரி இறைத்தது.

"பாத்தியா, பாத்தியா!" என்று பிரிமித்தீவா கைதட்டினாள். "அதுவே நமக்கு சல்லா பண்ணுது! தாய் ஏத்துக்கிட்டா!"

எலியூத்தேரியோ அவளைக் கட்டிக்கொண்டார். குப்பைத்தொட்டி மட்டும் இம்மி குறையவில்லை. தலைகீழாக அதே பருமனில் நின்றது. எதிர்ச்சுவர்க் கடிகாரம் ஒன்றைத் தாண்டிவிட்டதை டெல்ஃபினா மட்டும்தான் பார்த்தாள்.

நல்லவேளை, படத்தை நேராக்கும் விசைகள் க்ரோவருக்கு ஒருவழியாக ஞாபகம் வந்தன. திரையை மரியாதையாகக் காலில் நிறுத்தினார்கள். டெல்ஃபினா ஞானத்தாயைச் சமாதானப்படுத்துவதற்காக, பேனருக்கு அவளைத் தனியாக எடுத்த புகைப்படத்தைத் திரை முழுக்கத் திறந்து காட்டினாள்.

பிரிமித்தீவா திரையை ஒட்டிப் போய் நின்றாள்.

சின்ன சதுரப் படத்தை அகலத் திரையில் இழுத்துப் பிடித்ததால், படத்திலிருந்தவள் பக்கவாட்டில் பெருகியிருந்தாள். கன்னம் இரண்டும் ததும்பின. தோள் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை. ஒரு துணிக்கடை முதலாளியம்மா எப்படி இருக்க வேண்டுமோ அப்படி.

இதைச் சொல்லியாக வேண்டும். போன வருஷம் பிரிமித்தீவாவுக்குப் பித்தப்பையில் கல்லெடுத்தார்கள். அதிலிருந்து கஞ்சியும் சூப்புமாக, ஆள் பாதியாகிவிட்டாள். வியாபாரம் படுத்துவிட்டது, அதான் உருகுகிறாள், இந்த லட்சணத்தில் திருவிழா வேறு எடுத்திருக்கிறாள் என்று சந்தைப் பெண்கள் அவள் காதுபடவே பேசினார்கள். அவள் திருவிழாவை இழுத்துப் போட்டுக்கொண்டதே அந்த வாய்களை மூடத்தான். அது டெல்ஃபினாவுக்கும் தெரியும், தெருவுக்கே தெரியும்.

"இதான் நான்," என்றாள் பிரிமித்தீவா. "இதான்டி நான். ஒரு நூல் குறையக்கூடாது. இப்படியே அடி."

"அடிச்சிடலாம்கா" என்றாள் டெல்ஃபினா. பேனர் செய்யும் செயலியைத் திறந்தால் கருவிப் பெட்டிகளே திரையை அடைத்துக்கொண்டன. நடுவில் ஒரு ரொட்டித் துண்டு அளவுக்கு ஓட்டை. அதில் பிரிமித்தீவாவின் மூக்கு மட்டும் தெரிந்தது. சேமிக்கும் பொத்தான் எந்த லோகத்தில் இருக்கிறதோ. அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது.

எலியூத்தேரியோவுக்கு வேறு கவலை. "எப்படி வரைஞ்சிருக்கு பாரு என் கார்டு" என்று மீசையைத் தடவினார்.

"உன் கார்டா? காட்டறது யாரு? என் திரை!"

"வரைஞ்சு குடுக்காம உன் திரை எதக் காட்டும்? சுவத்தையா?"

"அப்படியா சங்கதி? என் திரை இல்லாம உன் கார்டு யாருக்குக் காட்டுதுன்னு நானும் பாக்கறேன்!" என்று பிரிமித்தீவா மேசைக்குப் பின்னால் கையை விட்டாள். கார்டின் பக்கம் சொருகியிருந்த வயர் முனையைப் பிடித்து வெடுக்கென்று பிடுங்கினாள்.

திரை கறுத்தது. டெல்ஃபினாவின் முகத்திலும் ஈயாடவில்லை.

க்ரோவர் வயர் முனையையே பார்த்துக்கொண்டிருந்தான். மெல்லக் கையை நீட்டி, அதன் வாய்க்குள்ளிருந்து எதையோ நகத்தால் கிள்ளி எடுத்தான். ஊதா நிறத்தில் ஒரு காகிதப் பொட்டு. நசுங்கி, மடிந்து, பீர் வாசனையோடு.

"இதான்," என்றான். "அன்னிக்கு சல்லா பண்ணப்ப ஓட்டைக்குள்ள விழுந்திருக்கு. அது மேலயே வயரச் சொருகிட்டேன். நான் இவ்வளவு பெரிய ஆளுன்னு திரை கம்ப்யூட்டருக்குச் சொல்ற கம்பிய இது மறைச்சிடுச்சு. யாரு எவருன்னு தெரியாத திரைக்கு ரொம்பச் சின்னப் படமாத்தான் அது அனுப்பும். அதைத்தான் இது இழுத்து இழுத்துக் காட்டியிருக்கு."

எல்லோரும் குனிந்து அந்தப் பொட்டைப் பார்த்தார்கள்.

"நான் மஞ்சள்தான் போட்டேன்" என்றார் எலியூத்தேரியோ.

"எனக்கு ஊதாவே ஆகாது. வீட்டுல ஊதாத் துணிகூடக் கிடையாது" என்றாள் பிரிமித்தீவா. ஊதாப் பாவாடை கட்டிக்கொண்டுதான் சொன்னாள்.

க்ரோவர் ஓட்டையை ஊதித் துடைத்து வயரைச் சொருகினான். திரை ஒருமுறை சிமிட்டி விழித்தது. அப்பப்பா! குப்பைத்தொட்டி துவரம்பருப்பு அளவுக்குச் சுருங்கி மூலையில் போய் உட்கார்ந்தது. திரை மைதானம் போல விரிந்து கிடந்தது. டெல்ஃபினா க்ரோவரின் தலையைப் பிடித்து உச்சியில் முத்தமே கொடுத்துவிட்டாள். செயலியைத் திறந்தாள், பேனர் முழுசாகத் தெரிந்தது, எல்லாப் பொத்தானும் அதது இடத்தில் இருந்தது. கை பறக்க, புகைப்படத்தை நடுவில் கொண்டுவந்து போட்டாள்.

அப்போதுதான் எல்லோரும் அதைக் கவனித்தார்கள்.

படத்திலிருந்தவள் சுருங்கிவிட்டாள். கன்னம் ஒட்டி, கழுத்தெலும்பு தெரிய, சால்வைக்குள் யாரோ இரவல் கொடுத்த உடம்பு போல நின்றாள். அருகில் தனிப்படத்தில் அவள் கணவர் ஃபெர்மின் எப்போதும் போல இருந்தார்.

"எனக்கு என்னடி ஆச்சு?" என்றாள் பிரிமித்தீவா. கோபம் எல்லாம் போய்விட்டிருந்தது. "டெல்ஃபினா, நான் நெஜமாவே இப்படித்தான் இருக்கேனா?"

டெல்ஃபினா திரும்பி அவளைப் பார்த்தாள். காலையிலிருந்து நிக்கானோரின் நாற்காலியையே நினைத்துக்கொண்டிருந்தவளுக்கு, இந்தப் பெண்பிள்ளை நாளை எத்தனை கண்களுக்கு நடுவே நடக்கப் போகிறாள் என்பது இப்போதுதான் உறைத்தது.

"அந்தக் காகிதத்தத் திரும்ப வை," என்றாள் பிரிமித்தீவா க்ரோவரிடம். "எடுத்த இடத்துலயே வை."

"அக்கா, அது கோளாறுக்கா..."

"எதுடா கோளாறு? அது இருந்தப்ப நான் நல்லா இருந்தேன்!"

"அக்கா சொல்றதுதான் சரி" என்றாள் டெல்ஃபினா. க்ரோவர் பேய் அறைந்தவன் மாதிரி அவளைப் பார்த்தான். "பொட்டு இருந்தப்பதான் மெஷின் அக்காவ சரியாப் பாத்துச்சு. இது இப்ப சுத்தம் பண்ணதுல திகைச்சுப் போயிருக்கு. நான் எடுத்துச் சொல்றேன், இருங்க."

சொல்லிக்கொண்டே படத்தின் ஓரத்தைப் பிடித்தாள். மெல்ல இழுத்தாள். பிரிமித்தீவா பெருகினாள். சற்று முன் திரையில் பார்த்த அதே அகலம் வந்ததும் நிறுத்தினாள்.

"இன்னும் கொஞ்சம்" என்றாள் பிரிமித்தீவா.

இன்னும் கொஞ்சம் இழுத்தாள்.

"மாமாவையும் இழுக்கவாக்கா?"

"அந்த ஆள விடு. இருக்கற அகலம் போதும்."

மூன்று மணிக்குக் கொஞ்சம் முன்னால் எலியூத்தேரியோ தன் மினிபஸ் ஒன்றைப் பயணிகளோடேயே திருப்பி அச்சகத்துக்கு விட்டார். போகிற வழியெல்லாம், யோசித்துப் பார்த்தால் அன்று தன் மூட்டையில்தான் ஊதா நிறையக் கலந்திருந்தது, அந்தப் பொட்டைப் போட்டது தானாகத்தான் இருக்கும் என்று டெல்ஃபினாவிடம் சொல்லிக்கொண்டே வந்தார். கடையில் பிரிமித்தீவா அதற்குள் அந்தப் பொட்டைத் தன் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, அது தன்னுடையதுதான் என்று க்ரோவர் தலையில் சத்தியம் செய்துகொண்டிருந்தாளாம்.

மறுநாள் காலை வளைவில் பேனர் ஏறியது. பக்கத்தில் ஃபெர்மின் வால் போல ஒட்டிக்கொண்டிருக்க, தெருவின் இந்த மாடிக்கும் அந்த மாடிக்குமாகப் பிரிமித்தீவா நிறைந்து சிரித்தாள். வாத்தியம் முழங்க மோரெனாடா ஆட்டக்காரர்கள் அவளுக்குக் கீழே நுழைந்தார்கள். சந்தைப் பெண்கள் அண்ணாந்து பார்த்தார்கள். ஆபரேஷன் ஒத்துவந்துவிட்டது போல என்றாள் ஒருத்தி. கூட்டத்தில் நிக்கானோரும் நின்று, பேனரின் மூலையில் இருந்த பெயரை நிதானமாகப் படித்தார். அதில் டெல்ஃபினா கல்யிசாயா என்றிருந்தது.

டெல்ஃபினா கடைக்குத் திரும்பி அப்போதுதான் உட்கார்ந்தாள். வாசல் இருண்டது. பிரிமித்தீவா ஆட்ட வரிசையை விட்டு நன்றி சொல்ல ஓடி வந்திருந்தாள். பேனருக்குத் தோதாக இருக்க வேண்டும் என்று வீட்டிலிருந்த உள்பாவாடைகளை எல்லாம் ஒன்றன் மேல் ஒன்றாகக் கட்டியிருந்தாள். நேராக வந்து பார்த்தாள், பக்கவாட்டில் திரும்பிப் பார்த்தாள். வாசல் விடவில்லை.

"பாத்தியாடி, உள்ள வர முடியல!" என்றாள். கண்ணில் நீர் ஓடிக்கொண்டிருந்தது, முகமெல்லாம் சிரிப்பு. "எத்தன நாளாச்சு தெரியுமா, ஒரு வாசக்கால் எனக்குப் பத்தாமப் போயி!"

டெல்ஃபினாவுக்கும் கண் நிறைந்துவிட்டது. எழுந்து போய் அவளைக் கட்டிக்கொள்ளலாம் என்று ஓரடி வைத்தாள். அதற்குள் பிரிமித்தீவா வாசலில் சிக்கியபடியே கையை மட்டும் உள்ளே நீட்டினாள். கையில் புது மூட்டை, முழுக்க முழுக்க ஊதா.

"என் தங்கத்துக்கு!" என்று இயந்திரத்தைப் பார்த்து வீசினாள்.

"அக்கா, வேணாம்கா!" என்று அலறிக்கொண்டு டெல்ஃபினா பாய்ந்தாள். மேசைக்குப் பின்னால் போய் விழுந்து, இரண்டு கையாலும் ஓட்டைகளைப் பொத்திக்கொண்டாள். பொட்டுகள் அவள் தலையிலும் முதுகிலும் கொட்டிக்கொண்டே இருந்தன. மூட்டை காலியாகும் வரை அவள் கையை எடுக்கவில்லை.